பிளேட்லெட் கொடுக்கப் போய்த் திரும்பி வருகிறவர்கள்

நர்ஸ் கொடுத்த சீட்டில் மூன்றே மூன்று எழுத்துகள்தான் இருந்தன: எஸ்.டி.பி. அதற்குக் கீழே ரத்தப் பிரிவு. “இன்றைக்குள் ஆள் வேண்டும்” என்று வாய் வார்த்தையாக ஒரு குறிப்பு.

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். தகப்பனார் ஓகளிபுரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர், பீனியாவில் ஒரு பட்டறையில் வேலை. அவருக்கு எஸ்.டி.பி. என்றால் என்னவென்று தெரியாது. ரத்தம் கேட்கிறார்கள் என்ற மட்டில் புரிந்தது. உடனே போன் பறந்தது. அல்சூரிலிருந்து மைத்துனர், பட்டறையிலிருந்து நான்கு பேர், பக்கத்து வீட்டுப் பையன், காலை மாரிகுப்பம் பாசஞ்சரில் வந்து இறங்கிய ஒன்றுவிட்ட தம்பி என்று ஏழு பேர் ரத்த வங்கி வாசலில் கூடிவிட்டார்கள். அத்தனை பேரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் ஏழு பேரும் “முடியாது” என்ற பதிலோடு வெளியே வந்துவிட்டார்கள்.

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. பெங்களூரில் கூலிக்கும் சம்பளத்துக்கும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஏதோ ஒரு காலத்தில் நேருகிற கதை. டெங்கு மாதங்களில் அடிக்கடி நேரும். ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1973இல் தொடங்கியது. அதற்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஊரை விட்டு வந்த இடத்தில் அவர்களுக்கு ரத்தம் கொடுக்கச் சொந்தபந்தம் ஏது? இங்கே இருக்கும் நம்மவர்களைத்தான் தேடி வருவார்கள். அப்படித் தேடி வரும்போது நாம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் போய்விடும். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயம் அல்ல.

ஏழு பேரும் ஏன் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று பார்ப்பதற்கு முன், கேட்கப்பட்ட பொருள் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

சிவப்பும் அல்ல, வெள்ளையும் அல்ல

ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் தட்டணு. ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் என்பார்கள். 1880களின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டு மருத்துவர் பிட்சொசெரோ இவற்றைத் தனி அணுக்களாக அடையாளம் கண்டார். காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் ரத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதல்லவா? ஓடி வந்து அந்த வாயை அடைப்பவை இந்தத் தட்டணுக்கள்தான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இவை இருக்க வேண்டும்.

ரத்தப் புற்றுநோய் வந்தால் எலும்பு மஜ்ஜையில் இவற்றின் உற்பத்தி படுத்துவிடும். நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் சேர்ந்து உற்பத்தியைக் குறைக்கும். அப்போது பல் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வெளியிலிருந்து ஏற்றுகிறார்கள், அதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லை. சிகிச்சை நடக்கும் மாதங்களில் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

மற்ற ரத்தப் பொருள்களைப் போல இதைச் சேமித்து வைக்க முடியாது என்பதுதான் பெரிய தொல்லை. சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். தட்டணுவைக் குளிர வைத்தால் கெட்டுப் போகும். 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டின் மேல் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஐந்து நாள்தான். போன மாதம் முகாம் போட்டு எடுத்தது இந்த மாதம் உதவாது. பொங்கல், தீபாவளி வாரத்தில் நம்மவர்கள் பாதிப் பேர் ஊருக்கு ரயிலேறிவிட்டால் கூப்பிடுவதற்கு ஆள் இருக்காது. நோய்க்குப் பண்டிகை தெரியாதே!

தட்டணுவை இரண்டு வழியில் எடுக்கிறார்கள். சாதாரணமாகக் கொடுக்கும் ஒரு பை ரத்தத்திலிருந்து பிரித்து எடுப்பது ஒன்று. அதில் கிடைப்பது கொஞ்சம்தான். பெரியவர் ஒருவருக்கு ஏற்றினால் எண்ணிக்கை ஐயாயிரம், பத்தாயிரம் உயரும். மற்றொன்றுதான் அந்தச் சீட்டில் இருந்த எஸ்.டி.பி., அதாவது ‘சிங்கிள் டோனர் பிளேட்லெட்’. ஒரே ஆளை மெஷினோடு இணைத்து, ரத்தத்தை எடுத்து, தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை அவர் உடம்புக்கே திருப்பி அனுப்புவது. இப்படி எடுத்த ஒரு பையில் சுமார் முப்பதாயிரம் கோடி தட்டணுக்கள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதல் வழியில் ஐந்தாறு பேர் தர வேண்டியதை இந்த வழியில் ஒருவர் தந்துவிடுகிறார். எண்ணிக்கையும் ஒரே ஏற்றத்தில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் கூடும். ஐந்தாறு பேருடைய ரத்தம் கலக்காததால் நோய்த்தொற்று பயமும் குறைவு.

இந்த மெஷின் பிறந்த கதை பெங்களூர்க்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். கணிப்பொறிக்குப் பெயர்போன ஐ.பி.எம். கம்பெனியில், அமெரிக்காவில், ஜார்ஜ் ஜட்சன் என்ற இன்ஜினியர் இருந்தார். 1962இல் அவருடைய மகனுக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது. மகனுக்கு வைத்தியம் நடந்த தேசியப் புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் எமில் ஃப்ரைரைக் என்பவர் ரத்த அணுக்களைப் பிரிப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். தகப்பனார் டாக்டரோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தை எடுத்துக்கொண்டே, சுழற்றிப் பிரித்துக்கொண்டே, திருப்பியும் அனுப்பிக்கொண்டிருக்கும் மெஷின் 1965 வாக்கில் அவர்கள் முயற்சியில் உருவானது. இன்று பெங்களூர் ரத்த வங்கிகளில் சுழலுபவை அதன் வாரிசுகள்தான்.

ஏழு பேர், ஏழு காரணங்கள்

இப்போது அந்த ஏழு பேரிடம் வருவோம்.

மைத்துனருக்கு எடை 47 கிலோ. சாதாரண ரத்த தானத்துக்கு 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுத்துக்கொள்வார்கள். மெஷினில் தட்டணு கொடுக்க 50 கிலோ வேண்டும். “போன வருஷம் ரத்தம் வாங்கிக்கொண்டார்களே, இப்போது ஏன் மாட்டேன் என்கிறார்கள்?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இரண்டும் வேறு வேறு தானம், அளவுகோலும் வேறு. இதை வாசலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அவர் வரிசையில் நின்றிருக்கவே வேண்டாம்.

பட்டறைக்காரர்களில் முதல் ஆள் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவர். நல்ல மனசுதான். ஆனால் இரவு வேலை பார்த்துவிட்டுப் போதுமான தூக்கம் இல்லாமல் வருபவரிடம் எடுக்கக் கூடாது என்பது விதி. எடுத்தால் தலைசுற்றி விழுவது அவர்தான். இன்னொரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். தொலைதூர வண்டி ஓட்டுபவர்கள், விமானப் பணியாளர்கள், அவசரப் பணிகளில் இருப்பவர்கள், கடும் உடல் உழைப்பு உள்ளவர்கள் அடுத்த டியூட்டிக்கு 24 மணி நேரம் இருக்கும்போதுதான் கொடுக்கலாம். லாரி டிரைவர்களும் ரயில் ஓட்டுநர்களும் ரோஸ்டரைப் பார்த்துவிட்டு வருவது எல்லாருக்கும் நல்லது.

இரண்டாவது ஆள் இரண்டு மாதம் முன்பு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். “பல்லுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று அவர் கோபித்துக்கொண்டார். வாயில் காயம் பட்டால் கிருமிகள் ரத்தத்தில் புகலாம், கருவிகள் மூலம் மஞ்சள் காமாலை போன்றவை தொற்றவும் இடமுண்டு. அதனால் பல் பிடுங்கிய பின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தட்டணுவை அறை வெப்பத்தில் வைப்பதால் அதில் ஒரு கிருமி இருந்தாலும் ஐந்து நாளில் பல்கிப் பெருகிவிடும். எதிர்ப்புச் சக்தியே இல்லாத நோயாளியின் உடம்புக்குள் அதைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் டாக்டர்களின் கண்டிப்பு புரியும்.

மூன்றாவது ஆளுக்கு நான்கு மாதம் முன்பு டெங்கு வந்து போயிருந்தது. டெங்கு, சிக்குன்குனியா வந்தவர்கள் முழுதும் குணமான பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மலேரியாவுக்கு மூன்று மாதம். டைபாய்டுக்கு ஒரு வருஷம். காசநோய்க்குக் குணமானது உறுதியாகி இரண்டு வருஷம்.

நான்காவது ஆள் விஷயம்தான் மிகவும் முக்கியமானது. திடகாத்திரமான உடம்பு, 68 கிலோ, எந்த நோயும் கிடையாது. முந்தின நாள் மாலை தலைவலிக்கு ஒரு டிஸ்பிரின் கரைத்துக் குடித்திருந்தார். அவ்வளவுதான், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டிஸ்பிரின், எக்கோஸ்பிரின் எல்லாம் ஆஸ்பிரின் ஜாதி. ஆஸ்பிரினுக்கு ஒரு குணம் உண்டு. அது பட்ட தட்டணு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சக்தியை இழந்துவிடும். எத்தனை நாள் உயிரோடு இருக்கிறதோ அத்தனை நாளும் அந்தச் சக்தி திரும்புவதில்லை. தட்டணுவின் ஆயுளே எட்டு, பத்து நாள்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க இந்த மாத்திரையைக் கொடுப்பது இதனால்தான். அப்படிச் செயலிழந்த தட்டணுவை ரத்தம் கசியும் குழந்தைக்கு ஏற்றினால் எண்ணிக்கை கூடும், கசிவு நிற்காது. மூன்று நாள் கழிந்தால் மஜ்ஜையிலிருந்து புதிய தட்டணுக்கள் போதுமான அளவு வந்து சேர்ந்திருக்கும். ஆகவே ஆஸ்பிரின் சாப்பிட்டவர் மூன்று நாள் தள்ளி வர வேண்டும். புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளுக்கும் இதே கணக்கு. இதய நோய்க்குக் கொடுக்கும் குளோபிடோகிரெல் என்றால் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம். ஆனால் தானம் கொடுப்பதற்காக யாரும் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் கொடுக்க வேண்டியவர்களே அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நான்காவது ஆள் அன்றைக்கே முழு ரத்தம் கொடுத்திருக்கலாம். அதிலுள்ள சிவப்பணுவுக்கு ஆஸ்பிரினால் கெடுதல் இல்லை. தட்டணுவுக்கு மட்டும்தான் தடை. மெஷின் ஓட்டித் தேய்ந்த முதுகுக்கும் தோளுக்கும் மருந்துக் கடையில் “ஒரு வலி மாத்திரை கொடுங்க” என்று பெயர் தெரியாமல் வாங்கி விழுங்குகிற பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். அந்த மாத்திரையின் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனால் டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வயது 18 முடிந்து மூன்று மாதம், எடை சரி, ஹீமோகுளோபின் மட்டும் 11.8. குறைந்தது 12.5 வேண்டும். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் கிடைத்தது என்று இருக்கும் பையன்களுக்கு வேறு எவ்வளவு இருக்கும்?

ஊரிலிருந்து வந்த தம்பி எல்லாத் தேர்விலும் தேறினார். கடைசியில் தட்டணு எண்ணிக்கை 1,32,000. மெஷினில் எடுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அவருக்கு வியாதி எதுவும் இல்லை, தன் தேவைக்கு அது போதும், பிறருக்குக் கொடுக்கத்தான் போதாது. “எனக்கு டெங்குவா?” என்று அவர் பயந்து போனதைத் தேற்றுவதற்கு அரை மணி நேரம் பிடித்தது.

டீக்கடையில் நின்ற எட்டாவது ஆள்

ஏழு பேரையும் ஆட்டோவில் அழைத்து வந்தவர் ஒருவர் இருந்தார். வயது 46. தினம் காலையில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறவர். “நமக்கு பி.பி., நம்ம ரத்தம் ஆகாது” என்று தானாகவே முடிவு செய்துகொண்டு டீக்கடையில் நின்றுவிட்டார். மூன்று மணிக்குத் தகப்பனார் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று உள்ளே போனார். அழுத்தம் 130க்கு 84. எடை, எண்ணிக்கை எல்லாம் சரி. அவர்தான் அன்றைக்குக் கொடுத்தார்.

விதிகள் 2017இல் தேசிய ரத்த மாற்றுக் குழு வெளியிட்ட வழிகாட்டியிலும், 2020 மார்ச்சில் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட மருந்துச் சட்ட விதிகளிலும் எழுத்தில் உள்ளன. ரத்த அழுத்தம் மேலே 100 முதல் 140, கீழே 60 முதல் 90 என்ற எல்லைக்குள் இருந்தால், அது மாத்திரையால் கட்டுப்பட்டதாக இருந்தாலும், கொடுக்கலாம். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போடுபவர்கள் கொடுக்கக் கூடாது. மாத்திரையிலோ உணவுக் கட்டுப்பாட்டிலோ சர்க்கரை அடங்கியிருக்கிறது, நரம்புக் கோளாறோ ஆறாத புண்ணோ இல்லை, நான்கு வாரத்துக்குள் மருந்தை மாற்றவில்லை என்றால் ஏற்கலாம். தைராய்டு மாத்திரை சாப்பிட்டு அளவு சரியாக இருப்பவர்களையும் ஏற்கிறார்கள். ஆஸ்த்மா உள்ளவர் இழுப்பு இல்லாமல், ஸ்டீராய்டு இல்லாமல் இருந்தால் தடையில்லை. கடைசி வார்த்தை அங்கிருக்கும் டாக்டருடையதுதான். ஆனால் டாக்டர் சொல்ல வேண்டியதை டீக்கடையில் நின்று நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது அல்லவா?

எப்போதுமே கூடாது என்ற வரிசையும் உண்டு. இதய நோய், வலிப்பு, புற்றுநோய், பி அல்லது சி வகை மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் கிருமி உள்ளவர்கள் கொடுக்கக் கூடாது. பெரிய ஆபரேஷன் ஆனவர்களும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். பச்சை குத்திக்கொண்டாலும் அதே ஒரு வருஷம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் அலகு குத்தியவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சாமி காரியம் என்று மறைக்க வேண்டியதில்லை. நாய் கடித்து ஊசி போட்டவர்களுக்கும் ஒரு வருஷம்தான். பூச்சி மாத்திரை சாப்பிட்டால் ஏழு நாள், ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கடைசி மாத்திரையிலிருந்து இரண்டு வாரம். பெண்களுக்குப் பிரசவமாகி ஒரு வருஷம் வரை, பால் கொடுக்கும் காலம் முழுதும் கூடாது. வயது 18 முதல் 60 வரை.

“ஊட்டா ஆய்த்தா?”

ரத்த வங்கியில் முதலில் நீட்டுவது ஒரு படிவம். அது பெரும்பாலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நர்ஸம்மா கேட்கும் முதல் கேள்வி “ஊட்டா ஆய்த்தா?” சாப்பாடு ஆனதா என்று கேட்கிறார். “ஆய்த்து, ஆய்த்து” என்று நம்மவர் தலையாட்டுவார். காலையிலிருந்து வெறும் வயிறு! ரத்தம் என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு. சர்க்கரைப் பரிசோதனைக்குத்தான் அப்படி, தானத்துக்கு இல்லை. நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். கிருத்திகை, சஷ்டி என்று விரதம் இருக்கும் நாளில் போகக் கூடாது, விரதம் முடிந்து மறுநாள் போகலாம். முந்தின இரவு குடித்திருந்தாலும் போகக் கூடாது.

படிவத்தில் கூச்சமான கேள்விகளும் வரும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆண்களுக்கு அவை சங்கடமாகவே இருக்கும். பக்கத்தில் மைத்துனர் நிற்கிறார், மேஸ்திரி நிற்கிறார், எப்படி உண்மையைச் சொல்வது? எடுக்கும் ஒவ்வொரு பையையும் எய்ட்ஸ், பி, சி காமாலை, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கிருமி புகுந்த முதல் நாள்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவேதான் வாய்ச் சொல்லை நம்பிக் கேட்கிறார்கள். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், அது நமது உரிமை. சொல்லவே மனமில்லை என்றால் “இன்று உடம்பு சரியில்லை” என்று சொல்லி எழுந்து வந்துவிடலாம். அது பொய்யாகவே இருந்தாலும் ஒரு உயிரைக் காப்பாற்றும் பொய்.

மெஷினில் படுத்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊருவது போல இருக்கலாம். ரத்தம் குழாயில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைச் சற்று நேரம் பிடித்து வைப்பதால் வருவது அது. சொன்னால் வேகத்தைக் குறைத்து, கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது வீரம் இல்லை. உடம்பில் ஓடும் தட்டணுவில் ஏறத்தாழ கால்வாசி அன்று வெளியே போகிறது, இரண்டு மூன்று நாளில் ஈடாகிவிடுகிறது. சிவப்பணு அநேகமாக எல்லாம் திரும்பி வந்துவிடுவதால், முழு ரத்தம் கொடுத்தவரைப் போல ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 48 மணி நேரம் கழித்தே மறுபடி கொடுக்கலாம், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது, வருஷத்துக்கு 24 தடவைக்கு மேல் கூடாது. முழு ரத்தம் கொடுத்தவர் தட்டணு கொடுக்க வேண்டுமானால் 28 நாள் ஆக வேண்டும். போன வாரம் முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டுச் சர்டிபிகேட்டும் கையுமாக இன்று தட்டணு கொடுக்க வருபவர்கள் திரும்பிப் போவது இதனால்தான்.

டெங்கு வந்துவிட்டால்

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. அந்த வருஷம் அதற்குள்ளாகவே மாநிலத்தில் 25,000 பேருக்கு மேல் டெங்கு கண்டிருந்தது. வீட்டில் கொசு வளர விட்டால் நகரத்தில் 400 ரூபாய் அபராதம் என்றும் விதி வந்தது. கூரையில் கிடக்கும் உடைந்த பக்கெட்டும் பழைய டயரும் நம் சந்துகளில் எத்தனை!

டெங்கு என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி “கவுன்ட் எவ்வளவு?” என்பதுதான். எண்பதாயிரம் என்றால் முகம் வாடுகிறது, நாற்பதாயிரம் என்றால் அழுகை, உடனே ஆள் தேடும் படலம். ரத்தக் கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்குத் தட்டணு பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கினால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது தேசிய வழிகாட்டுதல். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எண்ணிக்கை அல்ல, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுவதுதான். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது, மூக்கிலோ ஈறிலோ ரத்தம் இவை கண்டால் ஓட வேண்டும். அந்தக் காய்ச்சலுக்கு டிஸ்பிரினும் புரூஃபெனும் கொடுக்கவே கூடாது. நாற்பதாயிரத்துக்குப் பதறி நாம் ஏற்றச் சொல்லும் ஒரு பை, புற்றுநோய் வார்டில் எட்டாயிரத்தில் கிடக்கும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

காசும் லீவும்

“ஆள் தருகிறோம், இவ்வளவு கொடுங்கள்” என்று ஆஸ்பத்திரி வாசலில் யாராவது வந்தால் பேச்சே வேண்டாம். பணத்துக்கு ரத்தம் விற்பது 1996ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. ரத்த வங்கி வாங்குவது ரத்தத்தின் விலை அல்ல, சோதனைக்கும் பைக்கும் ஆகும் செலவு. மெஷின் தட்டணுவுக்கு ஒரு தடவை பயன்படுத்தி எறியும் குழாய்த் தொகுதி தேவைப்படுவதால் செலவு கூடுதல். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ரசீது உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. வேலை நாளில் லைசென்ஸ் உள்ள ரத்த வங்கியில் தானம் செய்தால் அன்றைக்குத் தனிச் சிறப்பு விடுப்பு உண்டு. முன்பு முழு ரத்தத்துக்கு மட்டும் என்று இருந்ததை, மெஷினில் தட்டணு கொடுப்பவர்களுக்கும் சேர்த்து 2017 டிசம்பர் 29 தேதியிட்ட உத்தரவு விரித்திருக்கிறது. வருஷத்துக்கு நான்கு தடவை வரை எடுக்கலாம். பீனியா பட்டறைக்காரருக்கு இப்படி ஒரு உத்தரவு இல்லை, அவருக்குப் போன கூலி போனதுதான். ஆகவே ஆபீஸில் இருப்பவர்கள் வார நாளில் முன்வந்தால், கூலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொள்ளலாம். விடுப்புக்குத் தானம் செய்த சான்றிதழ் அவசியம். டீயும் பிஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு சான்றிதழை மறந்துவிட்டு வந்தவர்கள் மறுநாள் ஹெட் கிளார்க் மேஜை முன்னால் கையில் ஒட்டிய பிளாஸ்திரியைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டி வருகிறது.